சத்தம் போடாதீங்க... பந்தி நடக்குது!

காலை ஆறு மணி. மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன். கழுத்தில் இரவல் பைனாகுலர். மடியில் ஒரு படிவம். பையில் சீவிய பென்சில் இரண்டு. பேனா வேண்டாமாம், பனியில் மை கலைந்துவிடுமாம். எதற்கு இரண்டு பென்சில் என்று கேட்டேன். "எடுத்துக்கோங்கக்கா, வேணும்" என்றார் பக்கத்தில் இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

குளிரில் பல் தந்தியடிக்கிறது. ஆனால் உள்ளுக்குள் ஒரே குதூகலம். நட்சத்திரத்தைப் பார்க்க ஸ்டுடியோ வாசலில் நிற்கும் ரசிகை மாதிரி இருக்கிறேன். நான் பார்க்க வந்த ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. உங்களையும் என்னையும் உயிரோடு வைத்திருக்கும் கூட்டத்தில் ஒருவர். ஒரு நாள்கூட அவருக்கு நாம் நன்றி சொன்னதில்லை. அது போகட்டும், அவர் பெயரையே வசவாக வைத்திருக்கிறோம்.

"எத்தனை மணிக்கு வருவாங்க, தம்பி?"

"ஒன்பது, ஒன்பதரை ஆகும்க்கா. வெயில் ஏறணும்."

"அப்புறம் எதுக்கு அஞ்சு மணிக்கே எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"வழியில யானை நிக்கும். அது விடுற நேரத்துலதான் நாம வர முடியும்."

நியாயம்தான். காத்திருக்கும் நேரத்தில் அந்த நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெயரைத் திருத்திக்கொள்வோம்

அவர் பெயர் பாறு. 'பிணந்தின்னிக் கழுகு' என்று நாம் சொல்கிறோமே, அவரேதான். சங்கப் பாடல்களில் பாறு என்றும் எருவை என்றும் வருகிற பறவை. நடுவில் அந்தப் பெயர் நம் வாயிலிருந்து நழுவிப்போனது. கோவையிலிருந்து இயங்கும் 'அருளகம்' அமைப்பும் அதன் சு. பாரதிதாசனும் பல ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய் அதை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கழுகு வேறு, பாறு வேறு. கழுகு வேட்டையாடும். பாறு வேட்டையாடாது. பெரும்பாலும் செத்ததைத்தான் தொடும். உயிரோடு இருக்கும் கோழிக்குஞ்சைக்கூடத் தூக்கிப் போகாத இந்தச் சாதுவுக்கு நாம் வைத்த பெயர் பிணந்தின்னி! கோழி பிரியாணியை வெட்டிக்கொண்டே நாம் இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை.

நம் பக்கத்துக் காடுகளில் நாலு வகைப் பாறுகளைப் பார்க்கலாம். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு. கடைசியாகச் சொன்னவரை உங்கள் தாத்தா பாட்டி நேரில் பார்த்திருக்கக்கூடும். திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளையில் வந்து, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போனவர் அவர்தான். 1990களின் கடைசியோடு அந்த வருகை நின்றது. பொங்கல் பாத்திரத்தோடு பாறை மேல் காத்திருந்தார்கள். பறவை வரவில்லை.

ஏன் வரவில்லை? அதற்கு அப்புறம் வருவோம். முதலில் எண்ண வேண்டும்.

எண்ணுகிற வித்தை

பறக்கிற பறவையை எண்ணுவது எளிது என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சர்வசாதாரணமாகச் சுற்றிவிட்டு வரும். எனக்கு மேலே போகும்போது நான் 'ஒன்று' என்று எழுதுவேன். ஒரு மணி நேரம் கழித்து வயநாட்டில் உட்கார்ந்திருப்பவர் அதே பறவையை 'ஒன்று' என்று எழுதுவார். சாயங்காலம் கூட்டினால் இரண்டு. பாறு பெருகிவிட்டது என்று நாம் கைதட்டிக்கொண்டிருப்போம்.

இதற்கு வனத்துறையினர் கண்டுபிடித்த வழி எளிமையானது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலக் காடுகளிலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், குறித்த இடங்களில் ஆட்களை உட்கார வைத்துவிடுகிறார்கள். பார்த்த நேரம், எந்த வகை, பெரியதா இளசா, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அப்புறம் எல்லாப் படிவங்களையும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு தடவை எண்ணப்பட்டதை அடிப்பார்கள். கல்யாண மொய் நோட்டைச் சரிபார்ப்பது போன்ற பொறுமையான வேலை.

2023 பிப்ரவரியில் மூன்று மாநிலங்களும் சேர்ந்து இப்படி எண்ணியபோது கிடைத்த எண் 246. அதே ஆண்டு டிசம்பரில் 320. கூடியிருப்பது சந்தோஷம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், மூன்று மாநிலக் காடுகளுக்கும் சேர்த்து 320. நம் ஊரில் சுமாரான ஒரு கல்யாணத்துக்கே இதைவிடக் கூட்டம் வரும்.

வந்துட்டாங்க!

9.20.

"அக்கா, இடப்பக்கம். அந்த மொட்டை மரத்துக்கு மேல."

முதலில் ஒரு கரும்புள்ளி. பைனாகுலரை வைத்தால் காணோம். எடுத்தால் தெரிகிறது. மறுபடி வைத்துத் திருகியதும்... அம்மாடி! ஏழடி இருக்கும் அந்த இறக்கை விரிப்பு. நுனியில் இறகுகள் விரித்துப் பிடித்த கைவிரல் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன. உடம்பு கரிக்கறுப்பு, இறக்கைக்கு அடியில் வெள்ளைப் பட்டை. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியபோது முதுகின் கீழே பால் கொட்டியது போல ஒரு வெள்ளைத் திட்டு. வெண்முதுகுப் பாறு! பெயர் வைத்தவரைக் கும்பிட வேண்டும், கண்ணாடி மாட்டாமலே அடையாளம் தெரிகிறது.

ஒரு தடவைகூட இறக்கையை அடிக்கவில்லை. வெயிலில் சூடேறிய பாறைகளிலிருந்து மேலே கிளம்பும் காற்றுதான் அவருக்கு லிஃப்ட். அந்த லிஃப்ட் ஓடத் தொடங்கும்வரை ஆள் கிளையைவிட்டு நகர மாட்டார். அதனால்தான் ஒன்பதரைக்கு வேலைக்கு வருகிறார், சுத்தமான ஆபீஸ் நேரம். கிளம்பிவிட்டால் போகும் உயரம்தான் மலைக்க வைக்கும். 1973-இல் ஆப்பிரிக்காவின் அபிஜான் நகருக்கு மேலே 37,000 அடி உயரத்தில் ஒரு விமானம் பாறு ஒன்றின் மீது மோதியிருக்கிறது. விமானத்தில் நமக்கு டீ கொடுக்கும் உயரம் அது!

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே "ஐயோ, ஐயோ" என்று குதித்ததில் என் பென்சில் உருண்டு பள்ளத்தாக்குக்குள் போய்விட்டது. காவலர் தம்பி ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது பென்சில் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

பின்னாலேயே இன்னும் மூன்று வந்தன. கீழே ஆற்றோரம் வரிசையாக நிற்கும் நீர்மத்தி மரங்களைக் காட்டினார் தம்பி. வெண்முதுகுப் பாறு கூடு கட்டுவது அந்த உயர்ந்த மரங்களின் உச்சியில்தான். சிறியூர், ஜகலிக்கடவு என்று இந்தப் பக்கத்தில் அவற்றின் கூடுகள் இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வருஷத்துக்கு ஒரு ஜோடி, ஒரு கூடு, ஒரே ஒரு முட்டை. அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து வருஷம் ஆகும். ஒன்று போனால் அந்த இடம் நிரம்ப எவ்வளவு காலமாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு முதல் இலை?

இனி திரைக்குப் பின்னால் போவோம். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காட்டில் ஒரு மாடு செத்துக் கிடக்கிறது. நம் ஊர்ப் பாறுகளுக்கு மோப்பம் பெரிதாக உதவாது. எல்லாம் கண்தான். வானத்தில் பரவலாக வட்டமிடும்போது கீழே தரையைப் பார்ப்பது பாதி வேலை. பக்கத்தில் வட்டமிடுபவரைப் பார்ப்பது மீதி வேலை. ஒருவர் திடீரென்று இறங்கினால் அடுத்தவர் அந்தப் பக்கம் திரும்புவார். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். பத்து மைல் தள்ளி இருப்பவருக்கும் இப்படியே செய்தி போய்விடும். பந்தல் போட்ட வீட்டை நோக்கி ஊரே நடப்பதைப் பார்த்து நாமும் நடப்பதில்லையா, அப்படித்தான்.

பந்தியில் ஆளுக்கொரு வேலை உண்டு. செம்முகப் பாறுவின் அலகு உறுதியானது. கெட்டித் தோலைக் கிழிப்பதில் அவர் கைகாரர். வெண்முதுகும் கருங்கழுத்தும் கூட்டமாக இறங்கி, நீண்ட கழுத்தை உள்ளே விட்டு மெத்தென்ற இறைச்சியை இழுப்பார்கள். தலையிலும் கழுத்திலும் இறகு இல்லாதது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். இறகு இருந்தால் ரத்தமும் சதையும் ஒட்டி ஊறிப்போய்விடும். மொட்டைத் தலை அழகில்லை என்று நாம் சொல்லலாம். அந்த வேலைக்கு அதுதான் சீருடை. கடைசியாக மெல்லிய அலகோடு மஞ்சள்முகப் பாறு வரும். எலும்பிடுக்கில் ஒட்டியதைக் குத்தியெடுப்பது அவர் பங்கு. பந்தி முடிந்து இலையெடுக்க வருபவர் மாதிரி.

பெரிய கூட்டம் கூடினால் ஒரு முழு மாடு முக்கால் மணி நேரத்தில் வெறும் எலும்புக்கூடு. நாற்றம் இல்லை, ஈ இல்லை, கிருமி இல்லை. கூலியும் இல்லை.

மஞ்சள்முகப் பாறுவைப் பற்றி இன்னொரு ரகசியம். அந்த முகத்தின் மஞ்சள் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாட்டுச் சாணத்திலிருந்து! சாணத்தில் இருக்கும் நிறமிக்காகவே அதைத் தேடித் தின்கிறது என்று 2002-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம்மவர்கள் முகத்துக்கு மஞ்சள் பூசுகிறார்கள், அவர் சாணத்தைச் சாப்பிட்டு மஞ்சளாகிறார். அழகு நிலையங்களுக்கு இது தெரிய வேண்டாம்.

அந்த வயிறு இருக்கிறதே!

பந்தியைவிடப் பெரிய அதிசயம் வயிற்றுக்குள் நடக்கிறது. பாறுவின் இரைப்பை அமிலத்தின் பிஎச் அளவு 1-ஐ ஒட்டி இருக்கும். அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் பாறு பாட்டுக்குப் பறந்து போகும். அதே மாட்டைத் தோலுரிக்கும் மனிதருக்கு அது உயிராபத்து.

அமெரிக்கக் கண்டத்திலும் பாறுகள் உண்டு. நம் பாறுவுக்கு ரத்த உறவு இல்லை, தொழில் உறவு மட்டும்தான். அவற்றை 2014-இல் ஆராய்ந்தவர்கள், முகத் தோலில் சராசரியாக 528 வகை பாக்டீரியாக்களைக் கண்டார்கள். குடலில் பார்த்தால் 76 வகைதான். மீதியெல்லாம் எங்கே? வயிறு கரைத்துவிட்டது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி, நமக்குள் போனால் நம்மைப் படுக்கவைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவரோ அவற்றையே வாடகைக்கு வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்.

இந்தியாவில் மாடும் எருமையும் சேர்த்து 30 கோடிக்கு மேல் என்கிறது 2019 கால்நடைக் கணக்கெடுப்பு. அவ்வளவும் ஒரு நாள் சாகத்தான் செய்யும். வட இந்தியச் சிற்றூர்களில் தோலை உரித்துக்கொண்டு உடலை ஊருக்கு வெளியே போட்டுவிடுவது வழக்கம். மீதியைப் பாறு பார்த்துக்கொள்ளும். இப்படி ஒரு துப்புரவுத் துறை நமக்கு இருந்தது. அதற்குச் சம்பளக் கமிஷன் இல்லை, ஓய்வூதியம் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. 1980கள்வரை இந்த நாட்டில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன.

நல்லது செய்யப்போய்

பிறகு ஒரு நாள் அந்தத் துறையே காணாமல் போனது.

ராஜஸ்தானின் பரத்பூர் பறவைச் சரணாலயத்தில் பாறுக் கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தவர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். 1980களின் இறுதியில் முந்நூற்றுக்கும் மேல் கூடுகளை எண்ணியவர், பத்து வருஷம் கழித்துப் போனபோது கிளைகளில் கழுத்து தொங்கிப்போன பறவைகளைப் பார்த்தார். மரத்தடியில் சடலங்கள். கொஞ்ச காலத்தில் அங்கே ஒரு கூடும் மிஞ்சவில்லை. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் போய்விட்டன. அதாவது, ஆயிரத்தில் ஒன்று மிச்சம்.

யாரும் சுடவில்லை. காட்டை வெட்டியதாலும் இல்லை. சாப்பாட்டுக்குப் பஞ்சமும் இல்லை. பின் எப்படி?

துப்பறியும் கதை இங்கேதான் சூடுபிடிக்கிறது. பாகிஸ்தானின் பஞ்சாபில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தது. ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படலம். சிறுநீரகம் செயலிழந்து யூரிக் அமிலம் படிந்த கோலம் அது. எதனால்? வைரஸா என்று பார்த்தார்கள், இல்லை. பூச்சிக்கொல்லியா, ஈயமா என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. ஆய்வகத்தில் விடை கிடைக்காததும் ஒரு காரியம் செய்தார்கள், நம் ஊர்ப் பெரியவர்கள் செய்வது மாதிரி. மருந்துக் கடைக்குப் போய் விசாரித்தார்கள். மாட்டுக்கு என்ன மருந்து விற்கிறது? அதில் எது சிறுநீரகத்தைக் கெடுக்கும்?

டைக்ளோஃபினாக். நமக்கு மூட்டு வலி, முதுகு வலி என்றால் போடுகிறார்களே, அதே வலி ஊசி. 1990களில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கி மாட்டுக்கும் வந்துவிட்டது. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பாறுகளைச் சோதித்தார்கள், 25-இலும் மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13-ஐச் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. 2004-இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்த 25-க்கு 25, 13-க்கு 0 என்ற கணக்கைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

கொடுமை என்னவென்றால் அளவு. நூறு சடலத்தில் ஒன்றில்கூட இருக்க வேண்டியதில்லை. அதற்கும் குறைவான விகிதத்தில் நஞ்சு கலந்திருந்தாலே இனம் அழிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஒரே பந்தியில் ஐம்பது பேர், நூறு பேர் சாப்பிடுகிறார்களே! சோற்றில் விழுந்த ஒரு பல்லி ஊர்ப் பந்தியையே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதில்லையா?

மாட்டின் வலியைப் போக்கத்தான் அந்த ஊசி போடப்பட்டது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் யார், நம் கையிலிருந்து என்ன அவர் வாய்க்குப் போகிறது என்று கவனிக்கவில்லை. தவறு அவ்வளவுதான்.

பந்தி நின்ற பிறகு

பாறு போனால் போகட்டும், நமக்கென்ன? அப்படித்தான் முதலில் இருந்தோம்.

செத்த மாடு கிடந்த இடத்தில் கிடந்தது. இறைச்சிக்கு நாய்கள் வந்தன. தின்றன, பெருகின. 1992-க்கும் 2006-க்கும் இடையில் இப்படிக் கூடுதலான நாய்கள் மட்டும் சுமார் 55 லட்சம் என்று 2008-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வெறிநாய்க்கடியால் கூடுதலாகச் செத்த மனிதர்கள் 47 ஆயிரத்துக்கு மேல். பாறுவின் வயிறு கிருமியைக் கரைத்தது. நாயின் வயிறு கரைக்காது, சுமந்துகொண்டு தெருவுக்கு வரும். மீதிச் சடலங்கள் ஆற்றிலும் குளத்திலும் ஊறின.

2024-இல் இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைவிடப் பெரிய கணக்கைப் போட்டார்கள். முன்பு பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களை ஒரு பக்கம் வைத்தார்கள், எப்போதுமே குறைவாக இருந்த மாவட்டங்களை இன்னொரு பக்கம் வைத்தார்கள். மருந்து வந்ததற்கு முன்னும் பின்னும் மனித இறப்பை ஒப்பிட்டார்கள். பாறுவை இழந்த மாவட்டங்களில் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. 2000 முதல் 2005 வரை கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர்.

5 லட்சம் மனிதர்கள். ஒரு பறவை இல்லாமல் போனதற்கு.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குடும்பங்களில் யாருக்கும் இன்றுவரை காரணம் தெரிந்திருக்காது. காய்ச்சல் என்றோ கடி என்றோ எழுதியிருப்பார்கள். 'பாறு இல்லாததால்' என்று எந்த இறப்புச் சான்றிதழிலும் எழுத மாட்டார்கள்.

பிரசவ அறையும் ஓட்டலும்

சோகத்தை இறக்கி வையுங்கள். நடந்துகொண்டிருக்கும் நல்ல கூத்துகளும் உண்டு.

ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளுக்கென்றே ஓர் இனப்பெருக்க மையம் இருக்கிறது. 2001-இல் நோயுற்ற பாறுகளின் பராமரிப்பு இல்லமாகத் தொடங்கி, 2004-இல் இனப்பெருக்க மையமானது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு அச்சு அசல் ஒரே மாதிரி இருப்பதால், யார் மாப்பிள்ளை, யார் பொண்ணு என்பதை மரபணுப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும்! கூடுகளை ஆட்கள் நெருங்க மாட்டார்கள். கேமராவில்தான் கண்காணிப்பு. சாப்பாட்டுக்கு வரும் ஆடுகளைச் சில நாள் தனியே கட்டிவைத்து, உடம்பில் மருந்து ஏதும் மிச்சமில்லை என்று உறுதியான பிறகே பரிமாறுகிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு முட்டைதான் என்றேன் அல்லவா? அங்கே ஒரு சின்ன ஏமாற்று வேலை நடக்கிறது. முதல் முட்டையை மெல்ல எடுத்து இன்குபேட்டரில் வைத்துவிடுவார்கள். முட்டை போய்விட்டதே என்று ஜோடி இன்னொன்று இடும். ஒரு பருவத்தில் இரண்டு குஞ்சு. இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தவற்றில் 8 வெண்முதுகுப் பாறுகளை 2020 அக்டோபரில் வானத்தில் விட்டார்கள். பதினாறு வருஷக் காத்திருப்பு!

நேபாளத்தின் பித்தௌலியில் 2006-இல் ஓர் ஓட்டல் திறந்தார்கள். பெயர் 'ஜடாயு ரெஸ்டாரன்ட்'. சாப்பிட வருபவர்கள் பாறுகள் மட்டும். உழைத்து ஓய்ந்த மாடுகளை ஊர்க்காரர்கள் அங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். சாகும்வரை அவற்றுக்குப் புல்லும் நீரும் கொடுத்துக் காப்பாற்றி, தானாக இறந்த பிறகு பாறுகளுக்கு வைக்கிறார்கள். கெட்ட மருந்து கலக்காத உணவு என்பதற்கு உத்தரவாதம். மறைவிடத்தில் உட்கார்ந்து அந்தப் பந்தியைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள்.

பெங்களூர் போகும் வழியில் ராமநகரம் குன்றுகள் தெரியும். 'ஷோலே' எடுத்த இடம். அந்தப் பாறைகளில் கப்பர் சிங் கத்தியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே பாறைகளின் இடுக்கில் கருங்கழுத்துப் பாறுகள் குடியிருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கிருக்கும் ராமதேவர பெட்டா 2012-இல் பாறுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சட்டமும் மெதுவாக நகர்ந்தது. மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தயாரிப்பதை 2006-இல் நிறுத்தச் சொன்னார்கள். உடனே மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போனது. 30 மில்லி குப்பி மனிதருக்கு எதற்கு? 2015-இல் அதைத் தடுத்து 3 மில்லி ஆக்கினார்கள். எதிர்த்து வழக்குப் போட்ட நிறுவனங்களின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. இதே கெடுதலைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்குப் பயன்படுத்த 2023-இல் தடை வந்தது. பாறுவுக்குத் தீங்கில்லாத வலி மருந்து கையில் இருக்கிறது. பெயர் மெலாக்சிகாம்.

வசவு வாங்கியவர்கள் சங்கம்

பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. நாம் கெட்ட பெயர் வைத்திருக்கும் உயிர்களை ஒரு பட்டியல் போட்டால் என்ன?

வௌவால். வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்போம். அமெரிக்காவில் 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோயால் வௌவால்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவை தின்றுகொண்டிருந்த பூச்சிகள் பெருகின. விவசாயிகள் பூச்சிமருந்தைக் கூட்டி அடித்தார்கள். அந்த மாவட்டங்களில் கைக்குழந்தைகளின் இறப்பு சுமார் 8 சதவீதம் கூடியது என்று 2024-இல் கண்டு சொன்னவர், பாறுக் கணக்குப் போட்ட அதே இயல் ஃபிராங்க்தான்.

அப்புறம் சுடுகாட்டு மல்லி. நித்தியகல்யாணி என்று அழகான பெயரும் அதற்கு உண்டு. வேலியோரம் கேட்பாரற்றுப் பூக்கும். மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற மருந்து கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது. சுடுகாட்டின் பெயரைச் சுமந்த செடி, குழந்தைகளைச் சுடுகாட்டுக்குப் போகவிடாமல் பிடித்து நிறுத்துகிறது.

பிணந்தின்னி, சகுனம் கெட்டது, சுடுகாட்டுச் செடி என்று நாம் ஒதுக்கிய வரிசையே, சத்தமில்லாமல் நம் வீட்டு வாசலில் காவல் நிற்கிறது. இவர்களைக் காப்பாற்றுவதை 'ஜீவகாருண்யம்' என்று சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள்?

மாலைக் கணக்கு

நாலு மணிக்கு மேல் வெயில் இறங்கியது. லிஃப்ட் நின்றது. பாறுகள் ஒவ்வொன்றாக மரத்துக்குத் திரும்பின. என் படிவத்தில் 11. அதில் இரண்டுக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு பருந்துக்கா, அடிச்சிடுங்க" என்றார். அடித்தேன். 10.

காட்டுக்குள் போய் எண்ண எல்லோராலும் முடியாது. வேண்டியதும் இல்லை. ஆனால் மாடு வளர்ப்பவராக இருந்தாலோ, மாடு வளர்க்கும் சித்தப்பாவோ மாமாவோ ஊரில் இருந்தாலோ, இரண்டு காரியம் செய்யலாம். விஷம் வைத்துச் செத்த மாட்டையோ, வலி ஊசி போட்ட சில நாளில் செத்த மாட்டையோ வெளியே போடாமல் ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வந்து மருந்துக் குப்பியை எடுக்கும்போது பக்கத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"டாக்டர், இது மெலாக்சிகாம்தானே?"